மாமன் ஏறிய வாகனங்கள்

புக்கிட் பாஞ்சாங்,
ஆடி மாதம், ஞாயிறு காலை.

என் அக்கா பெற்ற அரசிளங்குமரியும், ஆக்லாந்து மாநகரத்து மக்களின் பல்லைப் பிடுங்கிப் புகழ் பெற்றவளுமான மருமகள் சிவானிக்கு,

புக்கிட் பாஞ்சாங் பேட்டையின் முடிசூடா மன்னனும் (முடியே இல்லாத மன்னன் என்று உன் அத்தை பக்கத்திலிருந்து திருத்துகிறாள்) உன்னுடைய ஒரே தாய்மாமனுமாகிய ரகுபதி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை உமாமகேஸ்வரியும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஆதவனும் நலமா? குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறீர்களா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ “மாமா...” என்று தொடங்கியதுமே மூக்கை உறிஞ்சுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் நான் அடுத்த வரியைத் தட்டுவதற்குள் அழுகிற முகங்களாக அனுப்பி நிரப்புகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் அரசாங்கம் இன்னும் தபால் நிலையங்களை வைத்திருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தை ஆவணியிலிருந்து தைக்குத் தள்ளிவைக்கப் போவதாக உன் அம்மாவிடம் சொன்னாயாம். “மாமா எழுந்து நடந்து வந்து என் கையைப் பிடிச்சாத்தான் நான் மணவறைக்குப் போவேன். அதுவரைக்கும் கல்யாணம் வேணாம்” என்றாயாம். இதை என்னிடம் சொல்லும்போது வசந்தா அக்கா அழுத அழுகையில் எங்கள் புளோக்கில் பத்து மாடிக்குக் கீழே ஒருவர் குடை விரித்தார். மண்டபத்துக்காரர் இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார். தள்ளிவைக்கலாமா கூடாதா என்பதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் உன் மாமன் ஏறிய வாகனங்களின் வரலாற்றை நீ அறிந்துகொள்ள வேண்டும். கடவுளர்களுக்கே ஆளுக்கு ஒரு வாகனம்தான். எனக்கு நான்கு.

முதலாவது, நானும் ஜலாலுதீனும் மார்சிலிங்கில் குடியிருந்த காலத்தில் கூட்டாக வாங்கிய மோட்டார் சைக்கிள். ஜலாலுதீனை உனக்குத் தெரியும். தேசிய சேவையில் என்னோடு ராணுவ லாரி ஓட்டியவன், இப்போது வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான், உன் பிறந்தநாளுக்கெல்லாம் பிரியாணிச் சட்டியோடு வருவானே, அவன்தான். அந்த மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினால் மார்சிலிங்கில் தூங்கும் குழந்தைகள் எழுந்துவிடும். ஜொகூரில் இருக்கும் குழந்தைகள் அழத் தொடங்கும். ஒருநாள் ஜொகூருக்குப் போகும் பாலத்தின் நட்டநடுவில் நின்றுவிட்டது. முன்சக்கரம் மலேசியாவில், பின்சக்கரம் சிங்கப்பூரில். எந்த நாட்டு மெக்கானிக்கை அழைப்பது என்று இரண்டு அரசாங்கங்களும் ஆலோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற கூட்டமே எங்களைத் தள்ளிக்கொண்டு போய் அக்கரை சேர்த்தது. மோசமான வண்டிதான். ஆனாலும் அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வயதில் தள்ளுவதும் ஓட்டுவதும் ஒன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவதை எழுதும்போதே மூக்கைப் பிடித்துக்கொள்கிறேன். தேக்காவில் பூக்கடைக்கு மாலைகள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்காக ஒரு பழைய வேன் வாங்கினேன். விற்றவர் சிரித்த முகத்துக்காரர். வண்டி முழுக்க ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார். ஆகா, பக்திமான் என்று நினைத்தேன். ஊதுபத்தி அணைந்த பிறகுதான் தெரிந்தது, அவர் அதில் பல காலம் கருவாடு ஏற்றியிருக்கிறார். கழுவினேன், எலுமிச்சை தேய்த்தேன், காப்பித்தூள் தூவினேன். கருவாடும் காப்பியும் கலந்து புதிய மணம் ஒன்று பிறந்தது. அந்த வேனில்தான் உன் அம்மாவின் கல்யாண மாலையே வந்தது. உன் அப்பா மாலை மாற்றும்போது உணர்ச்சிவசப்பட்டுக் கண் கலங்கினார் என்று குடும்பத்தில் சொல்வார்களே, அது உணர்ச்சி இல்லை. செராங்கூன் சாலையில் நான் போனால் பூனைகள் ஊர்வலமாகப் பின்னால் வரும். நான் ஏறிய வாகனங்களில் படுமோசமானது எது என்று கேட்டால் போன சித்திரை வரைக்கும் இந்த வேனைத்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது, நீ அறிந்த நீல நிறக் கார். இந்த ஊரில் கார் வைத்திருப்பவன் பாதி ராஜா என்பது உனக்குத் தெரியும். அதன் ஏர்கான் தண்ணீரைச் சரியாக முன்சீட்டில் இருப்பவரின் கால்மேல் சொட்டும். அதனால் என் மாமியாரை எப்போதும் முன்சீட்டில் உட்காரவைத்து மரியாதை செய்தேன். உன் முதல் பல் விழுந்தது அதன் பின்சீட்டில்தான். நீயும் நானும் டார்ச் அடித்துத் தேடினோம், கிடைக்கவில்லை. இந்தத் தீவில் காருக்குப் பிறக்கும்போதே சாகிற தேதியையும் எழுதி, சிஓஇ என்று பெயர் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தேதி வந்ததும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு எம்ஆர்டி ரயிலில் திரும்பினேன். உன் பல்லும் அதோடு போயிற்று. சிறந்த வாகனம் அதுதான் என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

பிறகுதான், போன சித்திரையில், கால் விவகாரம். இனிப்பு நீர் என்னும் சர்க்கரை வியாதிப் பகைவன் சத்தமில்லாமல் என் வலது பாதத்தைப் பிடித்துக்கொண்டான். டாக்டர்கள் முழங்காலுக்குக் கீழே எல்லைக்கோடு போட்டு, அந்தப் பகுதியை விட்டுக்கொடுத்துச் சமாதானம் பேசி முடித்தார்கள். இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அதன் பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்த நான்காவது வாகனம். மூன்று சக்கர மின்ஸ்கூட்டர். சிவப்பு நிறம். முன்னால் கூடை. பின்னால் சின்னக் கொடி. என்னைப் போன்ற ஒரு சக்கரவர்த்திக்குக் கூடை வைத்த வண்டியா என்று பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவரில் இருந்த பல்லி இடம் மாறியது. கருவாட்டு வேனை அன்றே மன்னித்துவிட்டேன். படுமோசமான வாகனம் இதுதான் என்று அறிவித்தேன். வரவேற்பறை மூலையில் நிறுத்தி, மேலே போர்வை போட்டு மூடிவிட்டேன். போர்வைக்கு மேலே உன் அத்தை துணி காயப்போட்டாள். நான் கீழ்த்தளத்துக்குக்கூட இறங்காமல் ஜன்னல் வழியாக நாட்டை ஆண்டுவந்தேன். “ஏங்க, கீழ கோப்பிக் கடையில எல்லாரும் உங்களைக் கேக்குறாங்க” என்பாள். அரசர் ஓய்வில் இருக்கிறார் என்று சொல் என்பேன். அவள் போய் அப்படியே சொல்லவும் செய்தாள்.

நீ தைக்குத் தள்ளிவைக்கிறாய் என்று அக்கா வந்து அழுதுவிட்டுப் போன மறுநாள் காலையில், காய்ந்த துணிகளை நானே மடித்து வைத்துவிட்டுப் போர்வையை எடுத்தேன்.

புது வண்டி என்றால் பூஜை போடாமல் ஓட்டலாமா? லிஃப்டில் இறங்கி, எம்ஆர்டியில் ஏறி, நான் எந்தப் பிடியையும் தொடாமல் உட்கார்ந்திருக்க அத்தை வண்டியைத் தள்ளிக்கொண்டே வர, இருவரும் தேக்காவுக்குப் போனோம். கோயில் வாசலில் குருக்கள் வழக்கம்போல நான்கு எலுமிச்சம்பழங்களோடு வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், மூணு சக்கரம்தானே இருக்கு. நாலாவதை எங்க வைக்கிறது?” என்றார்.

“அவர் வாயில வைங்க சாமி. கொஞ்ச நேரமாச்சும் சும்மா இருப்பாரு” என்றாள் உன் அத்தை.

சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் முறைப்படி நடந்தது. குருக்கள் என் வலது கையில் பூவும் விபூதியும் கொடுத்து, “மெதுவா முன்னால எடுங்கோ” என்றார். கை நிறையப் பிரசாதம். கீழே வைக்கலாமா? எனவே இடது கையால் அந்தப் பக்கம் இருந்த பிடியை அழுத்தினேன். அப்போதுதான் இந்த வண்டியின் ரகசியம் வெளிப்பட்டது: வலப்பிடி முன்னால் போக, இடப்பிடி பின்னால் போக. சக்கரங்களுக்கு முன்னால் வைத்த எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் அப்படியே இருக்க, நான் பின்புறமாகப் பாய்ந்து, தேங்காய்க் கூடையைச் சாய்த்து, பூக்கட்டும் பெண்ணின் நாற்காலியில் முட்டி நின்றேன். உருண்ட தேங்காய்கள் சாலையைத் தாண்டி எதிர்ச்சாரி வரைக்கும் போனதாகச் சாட்சிகள் உண்டு.

“பரவாயில்ல லா அங்கிள், எல்லாரும் முன்னால போவாங்க, நீங்க ஸ்டைலா ரிவர்ஸ்ல போறீங்க!” என்றாள் அந்தப் பெண், தேங்காய்களைப் பொறுக்கிக்கொண்டே. வாசல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சித்திரைக்குப் பிறகு அவ்வளவு பேர் நடுவில் நான் இருந்தது அன்றுதான்.

ஆனால் வீடு திரும்பும் வழியில் ஒரு பெரிய கவலை பிடித்துக்கொண்டது. கல்யாணத்தன்று உன்னை வலது கையால் அல்லவா பிடிக்க வேண்டும்? வலது கை உன்னிடம் இருந்தால் எனக்கு மிச்சம் இடப்பிடிதான். மணப்பெண்ணை மணவறையிலிருந்து பின்னோக்கி இழுத்துக்கொண்டு போன முதல் தாய்மாமன் என்று என் பெயர் நிலைத்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் கடத்தல் என்று போலீசுக்குச் சொல்வார்கள். இடது கையால் பிடித்தால் என்ன என்று அத்தையிடம் கேட்டேன். “நல்ல காரியத்துக்கு இடது கையா? உங்க அக்கா அங்கயே மயங்கி விழுந்துடுவாங்க” என்றாள்.

ஜலாலுதீனைக் கூப்பிட்டேன். பையோடு வந்தான். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே பார்த்தான். “டேய் ரகு, இவ்வளவுதானா? நீ கூப்பிட்ட வேகத்தைப் பாத்து நான் கப்பல் கவுந்திருச்சோன்னு நினைச்சேன்” என்றான். இடத்தின் கம்பியை வலத்துக்கும் வலத்தின் கம்பியை இடத்துக்கும் மாற்றினான். இப்போது உலகத்திலேயே இடது கையால் முன்னேறும் ஒரே ராஜரதம் என்னுடையது.

நேற்று மாலை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒத்திகை. மணப்பெண்ணாக உன் அத்தை. மணவறையாகத் தபால் பெட்டிகள். நாதஸ்வரமாக ஜலாலுதீன், வாயாலேயே. அத்தை தலையைக் குனிந்துகொண்டு அப்படியொரு நாணத்தோடு நடந்தாள். எங்கள் நிஜக் கல்யாணத்தில்கூட அவள் அவ்வளவு வெட்கப்படவில்லை. பக்கத்துப் புளோக்கின் சீனப் பாட்டிகள் எல்லாரும் கைதட்டினார்கள். ஒருத்தி அத்தைக்கு வாழ்த்துச் சொல்லி ஆரஞ்சுப் பழங்கள்கூடக் கொடுத்தாள். கடைசி வரை கை விடவில்லை. வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

குருக்களிடமும் கேட்டுவிட்டேன். தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும் என்பதுதானே முறை. நடந்து வர வேண்டும் என்று எங்காவது இருக்கிறதா என்றேன். அவர் யோசித்தார். “கைதான் சார் கேட்டிருக்கு. காலைப் பத்தி ஒண்ணும் இல்ல” என்றார். கேட்டதை நான் கொண்டுவருகிறேன். கேட்காததைக் கொண்டுவரவில்லை என்று நீ ஏன் கல்யாணத்தை நிறுத்துகிறாய்?

தைக்குள் செயற்கைக் கால் பொருத்திவிடுவார்கள் என்பது உண்மைதான். நடக்கவும் பழகுவேன், ஆடவும் செய்வேன். ஆனால் டாக்டர் அம்மா இப்போது என் இடது பாதத்தை ஒரு தினுசாகப் பார்க்கிறாள். பார்க்கட்டும், அழகான பாதம்தானே. ஆவணியில் வந்து படு, நன்றாகச் சோதித்துவிடலாம் என்றாள். என் மருமகள் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் வருகிறேன், அதற்கு முந்தி எந்த மந்திரி கூப்பிட்டாலும் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். இதை அத்தையிடம் இன்னும் விவரமாகச் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். இது பயப்படுகிற சமாச்சாரம் இல்லை. தேதி பார்க்கிற சமாச்சாரம்.

சிறந்த வாகனம் எது என்று நீ கேட்கலாம். நீலக் காருக்குக் கொடுத்த பட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வேறு யாருக்கும் இன்னும் கொடுக்கவில்லை. தீர்ப்பு ஆவணியில், உன் கல்யாண மண்டபத்தில்.

ஆகவே மருமகளே, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் முதல் வேலையாக அக்காவைக் கூப்பிட்டுச் சொல். என்னிடம் சொல்ல வேண்டாம், நீ அழுவாய், நானும் ஏதாவது உளறுவேன். மாப்பிள்ளையிடம் சொல், மாமன் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வருவான், பயப்படக் கூடாது என்று.

ஒன்றே ஒன்று. நீ என் வலப்பக்கம் நடந்து வருவாய். ஒத்திகையில் பின்சக்கரம் அத்தையின் சேலைக் கொசுவத்தைக் கவ்விவிட்டது. அதனால் கூறைப்புடவையைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டச் சொல். கால் தெரிந்தால் தெரியட்டும். நம் இருவருக்கும் சேர்த்து மூன்று இருக்கிறது; மணவறை வரைக்கும் அது தாராளம்.

நீயும் ஆதவனும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும். சொன்ன தேதியில் வந்துவிடு, கண்ணு.

வலது கையை உனக்கென்றே காலியாக வைத்திருக்கும்
உன் தாய்மாமன்,
ரகுபதி