பழனிக்கு நேர்ந்த முடி

தை 4, வியாழன் இரவு

கல்லூரி அணியில் பந்து வீசிய காலத்திலேயே, என் மகன் செல்வம் இந்தியக் கிரிக்கெட் அணிக்குப் போனால், பழனியில் அவனுக்கு மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தேன். இன்று அவன் பெயர் வந்துவிட்டது. மஞ்சூர் கடைவீதியில் பட்டாசு வெடித்தார்கள். சாயங்காலம் போன் செய்தான்.

"எப்ப கண்ணு வர்றே? பழனிக்குப் போகோணும்."

"மொட்டையெல்லாம் இப்ப ஆகாதும்மா. முடிய வெட்டக்கூடாதுன்னு விளம்பரக் கம்பெனில கையெழுத்து வாங்கிட்டாங்க."

"சாமிகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"சாமியும் டிவி பாப்பாரும்மா" என்று சிரித்தான். எப்போது வருவான் என்று சொல்லவில்லை.

நேர்ந்துகொண்டவள் நான். என் முடியே போகட்டும். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன், நான் மட்டும். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசிவிட, அங்கேயே யாராவது ஒரு பெண்ணைத்தான் கேட்க வேண்டும்.