டி டிரைவுக்குப் போன முகவரிகள்

ஜூலை 8, செவ்வாய்

விடாத மழை. எங்கள் டாக்குரியாவில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். பள்ளி விடுமுறை. பாடம் எடுக்க வேண்டாம்.

கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிரம்பிச் சிவப்பு. மெயில் முகவரிக் கோப்பை டி டிரைவுக்கு நகர்த்தணும். என் பட்டியல், இவர் பட்டியல், இரண்டும் ஒரே கோப்பில்.

பெங்களூரிலிருந்து மகள் கவி, போனில்: "முதல்ல மெயிலை மூடும்மா. அப்புறம் ஃபைலை நகர்த்து."

மூடினேன். நகர்த்தினேன். திறந்தால் காலி! ஒரு பெயர்கூட இல்லை. இத்தனை வருஷத்து மாணவர்கள், பெற்றோர்கள். போனிலேயே அழுகை.

"அழாத. ஃபைல் எங்க போச்சுன்னு அதுக்குத் தெரியல. செட்டிங்ஸ்ல புது ஃபோல்டரைக் காட்டு."

காட்டினேன். எல்லாம் வந்தது. சரிபார்க்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

என் பட்டியல் சரி. இவருடையதை இதுவரை திறந்ததே இல்லை. ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போனேன். 'ச' வரிசையில் சேகர்.

என் தம்பி சேகர். ஒன்பது வருஷமாக எங்கே இருக்கிறான் என்றே எனக்குத் தெரியாத சேகர். முகவரி டாலிகஞ்ச். இங்கிருந்து ஆட்டோ தூரம்.

கீழே, குறிப்புக் கட்டத்தில் இவர் தட்டி வைத்தது: 'மார்ச்சில் சேகருக்கு ஆபரேஷன். ரத்தம் நான் கொடுத்தேன். அவன் பாப்பாவுக்கு எட்டு வயது. மீனாவிடம் சொல்லக் கூடாது.'

மீனா நான்தான்.

எத்தனை விசில் என்று தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்துக் கருகல்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமும் இல்லை. இவர் கார்டன் ரீச் ஆபீசுக்குக் கிளம்பும்போது கேட்டுவிட்டேன்.

"சேகர் டாலிகஞ்ச்லயா இருக்கான்?"

ஷூ லேஸைப் பிடித்த கை அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"உங்க மெயில்."

உட்கார்ந்துவிட்டார். அவன் இங்கே மாற்றலாகி வந்து மூன்று வருஷமாம். மூன்று வருஷம்!

"அப்பா காரியத்துக்கு வந்தவனை, நாலு பேர் முன்னாடி 'உனக்கு இங்க யாருமில்ல'ன்னு வாசலோட அனுப்பினது நீ. அவன் பேரையே எடுக்கக் கூடாதுன்னதும் நீ. நான் என்ன பண்ணட்டும்?"

"ஆபரேஷனைக்கூடவா சொல்லக் கூடாது?"

"அவன்தான் வேண்டாம்னான். அக்கா வந்தா தானா வரணுமாம்."

அப்பா உயிர் போனபோது அவன் வரவில்லை. நாலாம் நாள் வந்தான். அந்தக் கோபம். ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நான்.

வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டேன். பிள்ளைகள் சிரிப்பு. இவர்மேல் கோபமா, என்மேலா, தெரியவில்லை. வாங்கணும்: சோப்பு, பச்சை மிளகாய், சிவப்புப் பேனா.

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். அரை நாள் லீவு. இவரிடம் சொல்லாமல் டாலிகஞ்ச். இரண்டாம் மாடி. மணியடிக்கக் கை வரவே இல்லை. அப்புறம் அடித்தேன்.

திறந்தது ஒரு சின்னப் பெண். எங்கள் அம்மாவின் மூக்கு, அப்படியே. "காகே சாய்?" யார் வேண்டும் என்று வங்காளத்தில் கேட்டாள். உள்ளே ஓடினாள்.

"அப்பா! ஒரு ஆன்ட்டி அழறாங்க!"

சேகர் வந்தான். தொளதொளச் சட்டை. பாதி நரை. என்னைவிட ஆறு வயது சின்னவன், இப்போது பார்த்தால் அண்ணன் மாதிரி. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சேகர், அன்னைக்கு நான்…"

"உள்ள வாக்கா" என்றான். "செருப்பைக் கையில எடுத்துட்டு வா. கீழ் வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிரும்."

எடுத்துக்கொண்டு போனேன்.