காலர் வரிசை மேற்பார்வையாளரைப் பழைய பணியிலேயே அமர்த்தக் கோரி

அனுப்புநர்:
காலர் தைக்கும் தொழிலாளி,
இரண்டாம் தளம்,
சட்டைத் தயாரிப்புத் தொழிற்சாலை.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: நோயுற்ற என்னை மருத்துவமனையில் சேர்த்த மேற்பார்வையாளரின் பதவியிறக்க ஆணையை ரத்து செய்யவும், கழிப்பறை டோக்கன் முறையை நீக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. எனக்குக் கிரோன் நோய் உள்ளது. குடலில் புண்ணும் வீக்கமும் கிளம்புவதும் அடங்குவதுமாக இருக்கும். பிறருக்கு ஒட்டாது, முழுதாகத் தீரவும் தீராது. வாயைக் கட்டி, மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கி, நல்ல நாட்களில் எல்லோரையும் போலத் தைக்கிறேன். கெட்ட நாட்களில் கழிப்பறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போக நேரிடும்.

2. கழிப்பறைக்குப் போக எங்கள் வரிசை முழுவதற்கும் ஒரே டோக்கன். அது ஆணியில் தொங்கினால்தான் ஒருவர் எழலாம். வேலையில் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் அக்காவிடம் என் நோயைச் சொல்லப் போய், கூச்சத்தில் பாதியை விழுங்கிவிட்டேன். அவர் துருவிக் கேட்கவில்லை. "வயித்துக்கு டோக்கன் கணக்கெல்லாம் தெரியுமா? நீ பாட்டுக்கு எழுந்து போ, மெஷின்ல நான் உட்கார்ந்துக்கறேன்" என்றார். அப்படியே செய்தும் வந்தார். நான் திரும்பும்போது என் காலர்கள் தைத்து அடுக்கப்பட்டிருக்கும்.

3. சென்ற மாதம் குடிநீர்த் தொட்டி கெட்டு, தளத்தில் பாதிப் பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மற்றவர்கள் இரண்டொரு நாளில் தேறினார்கள். எனக்கு மட்டும் நிற்கவில்லை. பழைய நோய்தான் மீண்டும் கிளம்பிவிட்டது என்று எண்ணி, வீட்டில் மீதமிருந்த பழைய மாத்திரைகளைக் கையோடு கொண்டுவந்தேன். உணவு இடைவேளையில் அவற்றைப் போடப் போனபோது அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். "நீயே டாக்டராயிடாத. மூஞ்சி வெளுத்துப்போய்க் கிடக்கு. கிளம்பு." மேலாளர் வெளியே சென்றிருந்தார். என் வீட்டுக்காரர் சரக்கு வண்டியில் வெளியூரில் இருந்தார். அக்காவே என்னை ஆட்டோவில் ஏற்றி, தம் தோளில் சாய்த்துக்கொண்டு போனார். வழியெல்லாம், "ஆட்டோவுக்குள்ள மட்டும் வேணாம்டி, தெய்வமே" என்று சிரிக்கவும் வைத்தார்.

4. கிருமித்தொற்றும் கிரோன் நோயும் ஒன்றாகச் சேர்ந்து தாக்கியிருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. நோய்க்காக நான் உண்ணும் மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், பிறருக்குத் தானாக அடங்குவது எனக்கு அடங்கவில்லையாம். உடம்பில் நீரே வற்றியிருந்தது. "நீங்களா மாத்திரை போட்டுட்டு வீட்லயே படுத்திருந்தா உயிருக்கே ஆபத்தாயிருக்கும்மா" என்றார் மருத்துவர். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

5. அன்று பிற்பகல் எங்கள் வரிசை நின்றுபோனது, சரக்கு தாமதமாயிற்று. இதை நான் மறுக்கவில்லை. மருத்துவச் சான்றைப் பார்த்து எனக்கு விடுப்பளித்த மேலாளருக்கும் நன்றியுடையவளே. ஆனால் அனுமதியின்றி வெளியேறினார் என்று அக்காவைப் பதவியிறக்கி, பொத்தான் பிரிவில் உட்காரவைத்துவிட்டார்கள். மேலாளரிடம் முறையிட்டேன். "விதின்னா விதிதாம்மா" என்று முடித்துக்கொண்டார். அக்காவோ, "பொத்தான் தைக்கிறவளுக்குச் சோறு இறங்காதா?" என்கிறார். அவர் சிரித்துவிட்டுப் போகலாம். என்னால் அது முடியவில்லை. நான் இம்மனு எழுதுவதை அவர் அறியமாட்டார்.

6. ஆகவே, அக்காவைப் பழைய பொறுப்பில் அமர்த்தவும், டோக்கனை ஆணியோடு அகற்றவும், தொட்டியைச் சுத்தம் செய்யவும் நிர்வாகத்துக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டுகிறேன். இப்போது நான் தேறி, வேலைக்குத் திரும்பிவிட்டேன். வரிசையில் உள்ள அனைவரும் மறுபக்கத்தில் விரும்பியே கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

அம்மையீர், என் நோயைத் தீர்க்க எவராலும் இயலாது. அந்தக் குறை எனக்கில்லை. என் பொருட்டு அக்காவுக்கு நேர்ந்ததைத் தீர்ப்பது தங்களால் இயலும்.

இடம்: என் வீடு
நாள்: ஞாயிற்றுக்கிழமை

நன்றியும் நம்பிக்கையுமாக,
(கையொப்பம்)
காலர் தைக்கும் தொழிலாளி