அண்ணனுக்கு மனசு இருந்தது

என் செல்ல அண்ணே,

நீ போன நாளிலிருந்து எனக்கு எல்லார்மேலும் கோபம். போன வாரம்தான் அதற்குச் சரியான காரணம் கிடைத்தது.

கெலுகோரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எலிக்கூண்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். எலியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுபவளா என்று நீ சிரிப்பது கேட்கிறது. சிரி. அங்கே மாணவர்களுக்கு ஒரு படம் போட்டார்கள். பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டியின் மூளைத்தண்டும் தண்டுவடமும் மட்டும் ஒரு கிண்ணத்தில். காலே இல்லை. மூளைத்தண்டில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கும் இடத்தைத் தூண்டினார்கள். காலுக்குப் போகும் நரம்புகளில் இடம், வலம், இடம், வலம் என்று நடையின் தாளம் ஓடியது. தாளம் போடுவது தண்டுவடமாம். அதை எழுப்பிவிடுவதில் மேலிருந்து இறங்கும் அந்த நரம்பணுக்களின் இழைகளுக்குப் பங்கு உண்டாம்.

நான் தீவன வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

மாக் மண்டின் தொழிற்சாலையில் வயர் இழுக்கும்போது கூரையிலிருந்து விழுந்து முதுகு முறிந்தபின், நீயும் இதைத்தானே சொன்னாய்? "பல்பு நல்லாத்தான் இருக்கு பாப்பா. மேலேருந்து வயர் வரல, அவ்வளவுதான்லா." யார் கேட்டோம்? குளிக்க வைக்கும்போது உன் கால் தானாக ஒருமுறை உதறியது. அம்மா அதை முருகன் கொடுத்த உத்தரவாக எடுத்துக்கொண்டு, தைப்பூசத்தில் நீ ரதத்துக்கு முன்னால் பத்தடி நடப்பாய் என்று வேண்டிக்கொண்டார். தைப்பூசத்தன்று நாங்களும் இருபுறமும் பிடித்து உன்னை நிறுத்தினோம். ரதத்துக்காக எல்லாரும் உடைத்த தேங்காய்ச் சில்லுகளுக்கு நடுவே விழுந்தாய். உள்ளங்கை கிழிந்தது. உனக்கு மனசில்லை என்று மாமா எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். படுக்கைப்புண் காய்ச்சலாகி, அடுத்த தைப்பூசத்துக்கு நீ இல்லை.

இப்போது மாமா வந்து, நிறைவேறாத நேர்த்திக்கடனுக்கு உன் சார்பில் மன்னிப்புக் கேட்டு அர்ச்சனை செய்யவேண்டும் என்கிறார். நான் முடியாது என்றேன்.

"அண்ணன் எந்தத் தப்பும் செய்யல மாமா. மனசு இருந்துச்சு, வழிதான் அறுந்துபோச்சு. மன்னிப்பு கேக்கணும்னா நாமதான் கேக்கணும்."

மாமா தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். போகட்டும். அம்மா, அன்றைக்கு உன் கையில் ரொம்ப ரத்தம் வந்ததா என்று மட்டும் கேட்டார்.

எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. இது தெரிந்திருந்தால் நீ நடந்திருப்பாய் என்றும் இல்லை. ஆனால் உன்னை அங்கே நிறுத்தியிருக்க மாட்டோமே?

ஒன்றை நான் மாமாவிடம் சொல்லவில்லை. "கொஞ்சம் மனசு வையேண்ணே" என்று அன்று உன் காதில் சொன்னது நான்தான். நீ என்னைப் பார்த்தாய். நான் கையை விட்டேன்.

வருகிற தைப்பூசத்தில் நீ விழுந்த இடத்தில் ஒரு தேங்காய் உடைப்பேன். அது உன் பிழைக்காக அல்ல, என் பிழைக்காக. உனக்கு மனசில்லை என்று அங்கே யாராவது வாய் திறந்தால், ரதமே நின்றாலும் சரி, பதில் சொல்லாமல் நகரமாட்டேன். இது சத்தியம்.

உன் இடது கையைப் பிடித்திருந்த தங்கை,
வாசுகி