அந்தப் பச்சை ஸ்டிக்கரை ஒட்டிவிடாதே

நஜ்மா, தோஹா
12.12.2009

அன்பு மகன் நுஃமானுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கும் வாப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மருமகள் நஜீஹாவும் பெர்லின் குளிரில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். உடம்பைப் பற்றித்தான் எழுதினேன், மனதைப் பற்றி இல்லை. நேற்று நஜீஹா போனில் சொன்னதைக் கேட்டு, அரிசியைக் களைந்தவள் உலை வைக்க மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இதைப் போனில் பேசலாம் என்றால், வாப்பா வீட்டில் இருக்கும் நேரத்தில்தான் நீயும் வீட்டில் இருக்கிறாய், போனை எடுத்தாலே அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். நஜீஹாவிடம் சொல்லியனுப்பினால் மாமியும் மருமகளும் கூட்டுச் சேர்ந்துவிட்டதாகச் சொல்வாய். அதனால்தான் என் கைப்பட எழுதுகிறேன், முழுக்கப் படி.

அந்தச் சட்டத்தை நீ முதலில் சொன்னபோதே நான் திகைத்துப் போனவள். ஜனவரி பிறந்தால் பச்சை ஸ்டிக்கர் உள்ள கார்தான் நகரத்தின் நடுப்பகுதிக்குள் வரலாம், உன் பழைய டீசல் காருக்கு மஞ்சள்தான் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே சொந்தக் காரைச் சொந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுவர முடியாது என்றாய். வண்டி எவ்வளவு புகை விடுகிறது என்றுகூடப் பார்க்காமல் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் எண்ணை வைத்தே நிறத்தை முடிவு செய்வார்களாம். இங்கே நம் தெருவில் ஏசி நின்றுவிடக் கூடாது என்று இன்ஜினை ஓடவிட்டு, பக்காலா மளிகைக் கடை வாசலில் ஹாரன் அடித்து, சாயா கைக்கு வரும்வரை நிற்கிறார்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இப்படிப்பட்ட ஊரில் இருப்பவளுக்கு அது எப்படிப் புரியும். ஆனாலும் சட்டம் என்றால் சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். உன் வாப்பாவுக்கோ அது சட்டமாகவே தெரியவில்லை, ஒரு ஸ்டிக்கர் குறைகிற விஷயமாகத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர் இல்லையா, எது குறைந்தாலும் மாற்றுச் சாமான் கிடைக்கும் என்பார். பார்க்கட்டும் என்று உன் சிநேகிதன் காரில் இருந்த பச்சை ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பினாய், அதைப் பக்கத்துக் கடை கௌஸ் முகம்மதிடம் கொண்டுபோய்விட்டார். கார்க் கண்ணாடிக்கு மாஷா அல்லாஹ் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கிற மனிதர் அவர், அதே பச்சை, அதே வட்டம், நடுவில் அதே நாலாம் எண் என்று அச்சு அசலாக அடித்துக் கொடுத்துவிட்டார். உன் கார் நம்பரை வாப்பாவே மை பேனாவால் எழுதி, பெர்லினுக்குப் போகிற நெய்னா முகம்மதிடம் மாசித்தூள் பொட்டலத்தோடு கொடுத்தனுப்பினார். பிள்ளைமேல் எவ்வளவு ஆசை என்று பூரித்துப் போய்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நஜீஹா அழுதுகொண்டே சொல்கிறாள், மாமி, இது மாட்டுனா வெறும் ஃபைனோட போவாது, கள்ள ஸ்டிக்கர்னு போலீஸ் கேஸாயிடும், எங்க விசாவுக்கே வினையாயிடும் என்று. அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. அவள் எவ்வளவு சொல்லியும் நீ ஒன்றாம் தேதி அதை ஒட்டத்தான் போகிறாயாம். ஒட்டிட்டியான்னு வாப்பா ஒவ்வொரு வாரமும் கேக்குறாங்க, அவங்ககிட்ட நான் பொய் சொல்லமாட்டேன் என்கிறாயாம். நான் பெற்ற பிள்ளையா இப்படிப் பேசுவது. வாப்பாவிடம் பொய் சொல்லமாட்டாய், பொய்யைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அந்த ஊர் முழுக்கச் சுற்றுவாயா. உன்னைப் படிக்கவைத்து, வேலை கொடுத்து, குடியிருக்கவும் விட்ட ஊர் அது.

வாப்பாவிடமும் சொல்லிப் பார்த்தேன். கள்ளமா, நான் என்ன நோட்டா அடிச்சேன், புள்ள காருக்கு ஒரு ஸ்டிக்கர்தானே என்று சிரிக்கிறார். சிரித்தால்கூடப் பரவாயில்லை, கிழிந்தால் மாற்றிக்கொள்ள இன்னும் இரண்டு அடிக்கச் சொல்லியிருக்கிறாராம். இனி அவரிடம் பேசிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன்.

நீ கடிதத்தைப் படித்த கையோடு அந்த ஸ்டிக்கரை நஜீஹா கண்முன்னால் துண்டு துண்டாக வெட்டிப் போடு. வாப்பா கையெழுத்து இருக்கிறதே என்று எடுத்து வைக்காதே, அவர் கையெழுத்துள்ள கடிதங்கள் உன்னிடம் நிறைய இருக்கின்றன. காரில் ஏதோ ஃபில்டர் பொருத்தினால் அவர்களே முறையாகப் பச்சை தருவார்கள் என்று நஜீஹா சொல்கிறாள், விசாரி. முடியாவிட்டால் காரை எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு ரயிலில் போ. காதை மூடித் தொப்பி போட்டுக்கொள், உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

வாப்பா கேட்பாரே என்ற கவலை இனி உனக்கு வேண்டாம். நேற்று இஷா தொழுதுவிட்டு வந்தவரிடம், மகன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டானாம், அசலைவிட நன்றாக இருக்கிறதாம் என்று நானே சொல்லிவிட்டேன். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய்விட்டேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் என்று சொல்லமாட்டேன், நான் தொழுத பாயை மடிக்கும் முன் சொன்ன முதல் பொய் அதுதான். அதற்கு அல்லாஹ்விடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அவன் உங்கள் இருவரையும் எல்லாத் தீங்கிலிருந்தும் காப்பானாக. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வாப்பா போனில் ஸ்டிக்கர் பேச்சை எடுத்தால் நீ ஆமாம் என்றும் சொல்லாதே, இல்லை என்றும் சொல்லாதே, போனை உம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்.

உன் உம்மா,
ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்