பதினோரு போஸ்டர்

வேலும் மயிலும் துணை

கள்ளக்குறிச்சி
21.8.2025

எழில்மதிக்கு,

ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் மலையில் போன் எடுக்காது என்பதால் தபாலில் போடுகிறேன். முதல் சேதி, நான் சாகவில்லை.

போன சனிக்கிழமை கிருத்திகை. பல்லில் பச்சைத் தண்ணீர் படாத விரதம். "சக்கரை ஒடம்ப வச்சிக்கினு வெயில்ல போவாதீங்க" என்று உங்கம்மா கத்தினாள். நான் கேட்டால்தானே? கோமுகி அணைப் பக்கம் கரும்பை அழித்துப் புல் போட்டு வைத்திருக்கிறேனே, நம் கோல்ஃப் மைதானம், அங்கே போய்விட்டேன். சின்ன வயதில் பக்கத்துக் கரும்புக்குள் பூந்து எனக்குப் பந்து தேடித் தருவாய். மூன்றாவது குழிக்குப் பந்தை அடித்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

காவல்காரர் கந்தசாமி மூக்கில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். ஆம்புலன்சுக்குச் சொன்ன கையோடு, நம் அறக்கட்டளைச் செயலாளர் கொளஞ்சியப்பனுக்கும் போன் போட்டு, "ஐயாவுக்கு மூச்சு இல்லீங்க" என்று அழுதிருக்கிறார். ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏறியதும் நான் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டேன். அதற்குள் கொளஞ்சி முந்நூறு போஸ்டர் அடித்து ஒட்டிவிட்டான். யாரும் முந்திக்கொள்ளக் கூடாதாம்! வெள்ளைத் தொப்பியும் கையில் மட்டையுமாக நான் சிரிக்கிறேன், கீழே கண்ணீர் அஞ்சலி. வீட்டுக்குத் திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு சுவரில் என் சாவை நானே படித்தேன். உன் அண்ணன் சிவசங்கர்தான் என்னை இழுத்துக் காரில் ஏற்றினான்.

மறுநாள் காலையில் நம் வாசலில் ஊரே மாலையோடு நின்றது. ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள், நான் வகுப்பறை கட்டிக் கொடுத்த பள்ளிக்கூடத்து வாத்தியார்கள், கோயில் கமிட்டிக்காரர்கள். என்னைப் பார்த்து அலறாதவர்கள் இல்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உன்னைக் காணவில்லை.

கச்சிராயபாளையத்தில் எவனோ என் போஸ்டரை எல்லாம் நார் நாராகக் கிழித்திருக்கிறான். என் மேல் அவ்வளவு வன்மம் யாருக்கு என்று தெரியவில்லை. அது கிடக்கட்டும். வெள்ளிமலை பஸ்ஸின் முதுகிலும் கொளஞ்சி ஒன்று ஒட்டினானாம், அதனால் பார்க்கவில்லை என்று சொல்லாதே. அப்பன் செத்தான் என்று தெரிந்தும் நீ வரவில்லையா? அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
தனசேகரன்


வெள்ளிமலை வழி
26.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்கள் என்று உங்கள் கையெழுத்திலேயே படித்ததில் பாதி உயிர் திரும்பியது. இனிமேல் விரதத்தன்று மட்டையைத் தொடாதீர்கள்.

நான் வந்தேன் அப்பா.

சனிக்கிழமை சாயங்கால பஸ் எங்கள் ஊரில்தான் திரும்பும். நான் என் வீட்டுக்காரருக்காக நிழற்குடையில் நின்றிருந்தேன். உங்கள் அறக்கட்டளை கட்டியதுதான், கல்வெட்டில் உங்கள் பேர் இருக்கிறது. பஸ் ரிவர்ஸ் எடுத்து வந்தது. அதன் முதுகில் உங்கள் முகம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவர் வந்து தூக்கி நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மலை இறங்கினோம். மாலை வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு எதிரே சைக்கிள் கடை ஓரம் வந்தேன். நான் இவரைக் கட்டிக்கொண்ட அன்று நீங்கள் சொன்னது காதிலேயே இருந்தது. "மலைக்காரன் பின்னால போறவ, நான் செத்தாகூட இந்த வாசப்படிய மிதிக்காத." மலைக்குப் போர்வெல்லும் நிழற்குடையும் கொடுத்த கைதான் அன்று கதவைச் சாத்தியது. செத்தவர் பேச்சை மீறலாம், வந்து காலைப் பிடித்து அழலாம் என்றுதான் வந்தேன்.

அப்போது உள்ளிருந்து உங்கள் குரல் கேட்டது. "யோவ் கொளஞ்சி, இன்னாய்யா அவசரம் உனக்கு? டாக்டரு சொல்லவேணா?" என்று கத்தினீர்கள். சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. உயிரோடு இருக்கிற அப்பா பேச்சை எப்படி மீறுவது? திரும்பிவிட்டேன். மாலையைக் கோமுகி ஆற்றில் விட்டேன்.

கச்சிராயபாளையத்தில் பஸ் மாறும்போது போஸ்டரைக் கிழித்தவள் நான்தான். பதினோரு போஸ்டர். உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி எதற்கு என்றுதான் கிழிக்கத் தொடங்கினேன். கீழே வருந்துவோர் பேரைப் படித்த பிறகு நகம் பெயர்வது தெரியவில்லை. அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் மகன் ஆகாஷ். என் பேர் இல்லை. நான் உங்களுக்கு அழக்கூட ஆளில்லையா அப்பா?

சைக்கிள் கடை ஓரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் பேத்தியும் நின்றாள். அவளுக்கு ஐந்து வயது.

அன்பு மகள்,
எழில்மதி


வேலும் மயிலும் துணை

கள்ளக்குறிச்சி
1.9.2025

அன்பு மகள் எழில்மதிக்கு,

மில் ஆபீசில் நின்றபடியே உன் கடிதத்தைப் பிரித்தேன். என் பேத்தி என் வாசலுக்கு எதிரே நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். நான் உள்ளே கொளஞ்சியைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடி, பேத்தி பிறந்தது தெரியுமா என்று உங்கம்மாவைக் கேட்டேன். "தெரியும். நீங்கதான அவ பேச்ச எடுக்கக்கூடாதுன்னு முருகன் மேல சத்தியம் வாங்கினீங்க?" என்றாள். அஞ்சு வருஷமாக இதை மனசில் வைத்துக்கொண்டே எனக்குச் சோறு போட்டவள்!

கொளஞ்சி மேல் தப்பில்லை. ஆகாஷ் காதுகுத்துக்கு நான் ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்த குடும்பப் பட்டியலைத்தான் அவன் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். "அவ பேரும் இருக்கட்டுங்க" என்று உங்கம்மா அன்று எழுதினாள். பேனாவை வாங்கி அந்தப் பேரை அடித்தவன் நான். கோயிலுக்கும் ஊருக்கும் ஓடி ஓடிச் செய்தேன், பெற்ற பிள்ளைக்கு இதைச் செய்திருக்கிறேன்.

என்றைக்காவது நிஜமாகவே ஒட்டத்தான் போகிறார்கள். அதனால் அந்தப் போஸ்டருக்கு வாசகத்தை நானே எழுதிவிட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். மகள் எழில்மதி, மருமகன் தமிழழகன் என்று முதல் வரியிலேயே போட்டேன். பேத்தி என்று எழுதிவிட்டு நின்றுபோனேன். என் பேத்தி பேர் எனக்குத் தெரியவில்லை. இடம் விட்டிருக்கிறேன், நிரப்பி அனுப்பு.

உன் அப்பா


வெள்ளிமலை வழி
6.9.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிற மனுஷர் தன் சாவு போஸ்டரை எழுதி மகளுக்குத் தபாலில் அனுப்புவாரா? படிக்கும்போதே தண்ணீர்ச் சொம்பைக் கவிழ்த்துவிட்டேன். 'மருமகன்' என்ற இடத்தை இவர் மட்டும் இரண்டு தடவை படித்தார். அப்புறம் அதை அடுப்பில் போட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவள் பேரை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குத்தான் அவள் பேர் தெரியாது, அவளுக்கு உங்கள் பேர் தெரியும். அவள் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் பேரே அதுதான். தினமும் நிழற்குடைக் கல்வெட்டில் விரல் வைத்து 'த, ன, சே' என்று தொடங்கி முடிக்கும்வரை பஸ் ஏற மாட்டாள். அது யார் என்று கேட்பாள். நம்ம ஊருக்கு நிழல் கட்டினவர் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பதினாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கார் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். நாங்கள் நிழற்குடையில் நிற்போம். பேரை அவளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பேரையும் நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டு வாசப்படியை நீங்கள் மிதிக்கக் கூடாது என்று இங்கே யாரும் சொன்னதில்லை அப்பா.

உங்கள் மகள்,
எழில்மதி