உனக்காக எடுத்த மைக்

மச்சான்,

இன்று காலை கடையில் டெஸ்டரைத் தேடி டிராயரைக் குடைந்தபோது உன் மைக்கின் கறுப்பு நுரை உறை கையில் அகப்பட்டது. சும்மா இருக்காமல் மோந்து பார்த்தேன். கிராம்பு. தொண்டைக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாள் முழுக்க வாயில் அடக்கிக்கொண்டிருந்தாயே, அதே வாசம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மிக்ஸியை ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்த ஒரு அம்மா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார்.

அந்த மைக்கை வாங்க நாம் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் மலை போன்ற இயந்திரத்தை ஓட்டியவன் நீ. மந்தாரக்குப்பத்தில் ரேடியோ ரிப்பேரில் தொடங்கித் தலை நரைத்தவன் நான். ஒரு மைக்குக்கு இத்தனை அல்லாட்டமா! ஆனால் அவசரம் அப்படி. தொண்டையில் ஆபரேஷன் செய்தால் உயிர் நிற்கும், குரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கனடாவிலிருந்து உன் மகள்தான் கேட்டாள். சின்ன வயதில் தனக்குச் சொன்ன மைன்ஸ் கதைகளை எல்லாம் அதற்குள் பேசி அனுப்ப வேண்டும், பாட்காஸ்டாகப் போடுகிறேன், வேலைக்குப் போகும் ரயிலில் கேட்டுக்கொண்டே போவேன் என்றாள். அதற்கு செல்போன் போதாதா என்றேன் நான். நீ மசியவில்லை.

"இனிமே பேசப் போறது இல்ல பாய். பேசறத ஒழுங்கா பேசிட்டுப் போறேன்" என்றாய்.

சரி என்று கண்டென்சர் மைக் ஒன்று எடுத்து வந்தேன். மெல்லப் பேசினாலும் பிடித்துக்கொள்ளும் வகை. அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு சின்னப் பெட்டி, மூச்சுக்காற்று மோதாமல் இருக்க முன்னால் ஒரு வலை. உன் குவார்ட்டர்ஸில் பீரோவைத் திறந்து வைத்து, புடவை அடுக்குக்கு எதிரே உன்னை உட்கார வைத்தேன். துணி இருந்தால் எதிரொலி வராது. ஹெட்போனை மாட்டினால் ஒரே உறுமல். எங்கோ அடியில், விடாமல்.

எர்த் சரியில்லை என்றேன். ஒயரை மாற்றினேன். ஃபேனை நிறுத்தி இருவரும் வியர்வையில் குளித்தோம். ஃப்ரிட்ஜை நிறுத்தினோம், திரும்பப் போட மறந்தோம், பால் திரிந்துபோனது. "மைக்கு வாங்கினீங்களாண்ணே, பாலைத் திரிக்கிற மிசினு வாங்கினீங்களா?" என்று கேட்டாள், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி. கடைசியில் மைக்கிலேதான் கோளாறு என்று தீர்மானித்து வேறொன்று மாற்றி வந்தேன். அதிலும் அதே உறுமல்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. உன்னையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கடலூரில் அதை விற்ற கடைக்கே சண்டைக்குப் போனேன். கடைக்காரர் நம்மை உள்ளே கூப்பிட்டார். பின்னால் இருந்த சின்ன அறையில் கதவைச் சாத்தி, அதே மைக்கை மாட்டிக் காட்டினார். உறுமலே இல்லை, கழுவித் துடைத்தது போல இருந்தது. பிறகு சாவகாசமாகக் கேட்டார்:

"உங்க ஊர்ல எந்நேரமும் என்னங்க ஓடுது?"

"ஒன்னும் ஓடலியே" என்றோம் நாம் இருவரும், சேர்ந்தாற்போல.

சொல்லி வாய் மூடவில்லை, உனக்கு உறைத்துவிட்டது. கன்வேயர் பெல்ட், பவர் ஹவுஸ், நீ ஓட்டிய இயந்திரம் எல்லாம் ராப்பகலாக ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு ஒன்றும் ஓடவில்லை என்று சாதிக்கிறோம்! நீ கவுண்டரைப் பிடித்துக்கொண்டு இருமல் வரும்வரை சிரித்தாய். எனக்கு மானம் போயிற்று.

அவர் டைனமிக் மைக் ஒன்றை எடுத்து வைத்தார். வாய்க்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர்ச் சத்தத்தைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆனால் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும். உன்னையோ குரலை உயர்த்தக் கூடாது என்று டாக்டர் கண்டித்து வைத்திருந்தார். நீ மெல்லப் பேச, அவர் பெட்டியில் ஒலியைக் கூட்டக் கூட்ட, இரைச்சல் ஏறியதே தவிர உன் குரல் தெளியவில்லை. அப்படியும் நான் விடவில்லை. மகள் காலமெல்லாம் கேட்கப் போவது சுத்தமாக இருக்க வேண்டாமா, இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கலாம் என்று மன்றாடினேன். நீ பழைய மைக்கையே உன் பக்கம் நகர்த்திக்கொண்டாய்.

"அது பாட்டுக்கு ஓடட்டும் பாய். அது ஓடிகினு இருந்ததாலதான் நம்ம வூட்ல அடுப்பு எரிஞ்சுது. பாப்பா அந்தச் சத்தத்துலதான் தூங்கி வளந்துது."

அந்த மைக்கையே எடுத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினோம்.

ஆபரேஷனுக்குப் போகும்வரை மத்தியானங்களில் பேசினாய். நான் பட்டனை அழுத்துவேன். நீ உடனே தொடங்கமாட்டாய். கிராம்பைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, "ரெடியா பாய்?" என்பாய். முதல் நாள் மைன்ஸில் இறங்கியதைச் சொன்னாய். கம்மாபுரம் பக்கத்தில் உன் அப்பா உழுத நிலத்தையும் மைன்ஸ் எடுத்துக்கொண்டது, அந்த மண்ணை இயந்திரத்தால் வெட்டும் வேலை உனக்கே வந்தது என்பதைச் சொன்னாய். இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கே அது தெரியாது. அன்று ஹெட்போனைக் கழற்றாமல் குனிந்தே இருந்தேன். 

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வருஷம்கூட நீ இருக்கவில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் தங்கச்சியும் கனடாவுக்கு, மகளோடு இருக்கப் போய்விட்டாள். போன வாரம் மகள் பேசினாள். கூட வேலை செய்யும் ஒருவர் அந்த உறுமலை மட்டும் தனியாக நீக்கிக் கொடுத்தாராம்.

"கேட்டுப் பாத்தேன் மாமா. அப்பா வேற யாரு வீட்லயோ உக்காந்து பேசற மாதிரி இருக்கு. பழசையே வச்சிக்கிட்டேன்" என்றாள்.

உன் மகள் வேறெப்படி இருப்பாள்! மாட்டிக்கொண்டது நான்தான் மச்சான். இத்தனை காலம் காதில் விழாத சத்தம் இப்போது விழுகிறது. வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வரும் வழியில், தெருவில் வண்டி ஓய்ந்த ஒரு நொடியில், அடியிலிருந்து அந்த உறுமல் வரும். அடுத்தது நீ கிராம்பை ஒதுக்கிக்கொண்டு "ரெடியா பாய்?" என்பாய் என்று, என் கால் தானாக நின்றுவிடுகிறது.